மேடையை விட்டாங்க, பாட்டை விடலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல ஒரு பிரெஞ்சுப் பாடகி பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன்னா நம்ம பேப்பர்ல பிரான்ஸ்னு வந்தா ஒண்ணு ஃபுட்பால், இல்லேன்னா ஈஃபிள் டவர், பாட்டைப் பத்தி யாரும் மூச்சு விடுறதில்லை. ஆனா படிச்சு முடிச்சப்போ எழுதாம இருக்க முடியலை. முதல்ல பேரு. "பிராங்கோயிஸ் ஹார்டி"ன்னு அச்சாயிருக்கு, இங்கிலீஷ்ல படிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டிப் படிச்சு அப்படியே போட்டுட்டாங்கன்னு தெரியுது. அது பிரான்சுவாஸ் ஆர்டி. பிரெஞ்சுல அந்த முதல் எச் எழுத்துல மட்டும்தான் இருக்கும், வாயில வராது. சரி, இது சின்ன விஷயம், கடைசியில திரும்ப வர்றேன்.

பெரிய விஷயம் என்னன்னா உங்க கட்டுரை 1962-ல ஆரம்பிச்சு 1968-ல நின்னுடுது. அறுபதுகளின் அழகுப் பாடகி, மேடையை விட்டு ஒதுங்கினாங்க, 2024-ல காலமானாங்க, முற்றும். நடுவுல 56 வருஷம் இருக்கே சார், அது எங்க போச்சு? நான் பாரிஸ்ல 9-ஆம் வட்டாரத்துல ஒரு ஆபீஸ்ல வேலை பார்க்குறேன், அவங்க வளர்ந்த ஓமால் தெரு எங்க ஆபீஸுக்குப் பக்கம்தான், மதியம் சாப்பிட்டுட்டு ஒரு நடை போனா அந்தத் தெருவழியாத்தான் திரும்புவேன். அதுக்காக நான் பெரிய ஆராய்ச்சியாளர்னு சொல்ல வரலை, பத்துப் பன்னிரண்டு வருஷமா அவங்க பாட்டைக் கேட்டுட்டு வர்ற ஒரு ஆள், அவ்வளவுதான். ஆனா இத்தனை நாள் கேட்டதுல எனக்குத் தோணினது உங்க கட்டுரைக்கு நேர் எதிர். அவங்க மேடையை விட்டதாலதான் அந்த வாழ்க்கை அவ்வளவு நீளமாச்சு.

"யெ-யெ பாடகி"ன்னு ஒரு முத்திரை குத்தியிருக்கீங்க. அந்த வார்த்தையோட கதையே தனி. 1963 ஜூன் 22 ராத்திரி, பாரிஸ்ல நாசியோன் சதுக்கத்துல ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்காக இலவசக் கச்சேரி வச்சாங்க, ஜானி ஆலிடே, சில்வி வர்தான் எல்லாம் பாடினாங்க, எதிர்பார்க்காத கூட்டம், லட்சத்துக்கு மேல பசங்க வந்து மரத்துமேல எல்லாம் ஏறி உட்கார்ந்துட்டாங்க. அதைப் பார்த்து மிரண்டுபோய் பெரியவங்க ஆளாளுக்குப் பேச, எட்கார் மோரான்னு ஒரு சமூகவியல் அறிஞர் லெ மோந்த் பேப்பர்ல எழுதினப்போதான் அந்த "யெ-யெ" பேரு ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ் பாட்டுல யே யேன்னு கத்துறாங்கல்ல, அதுதான். ஆர்டியும் அந்தக் காலத்து ஆள்தான், அந்தப் பசங்க பத்திரிகை அட்டையில எல்லாம் வந்தவங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா மத்த பொண்ணுங்க பெரும்பாலும் அமெரிக்கப் பாட்டுக்கு பிரெஞ்சு வரி போட்டுப் பாடிட்டு இருந்தப்போ, இவங்க 18 வயசுல தானே எழுதி தானே ட்யூன் போட்ட பாட்டோட வந்தாங்க. அந்த வித்தியாசத்தை உங்க கட்டுரை ஒரு வரியில கூடத் தொடலை.

அந்தப் பாட்டு எங்க இருந்து வந்துச்சுன்னு பார்த்தா மனசு கொஞ்சம் கனக்கும். 1944 ஜனவரி 17-ல, ஜெர்மன்காரங்க பாரிஸைப் பிடிச்சு வச்சிருந்த காலத்துல பிறந்தவங்க. அம்மா கணக்கு எழுதுற வேலை பார்த்து ரெண்டு பொண்ணுகளை ஒண்டியா வளர்த்தாங்க. அப்பாவுக்கு ஏற்கனவே வேற கல்யாணம் ஆகியிருந்துச்சு, எப்பவாவது வந்து தலையைக் காட்டிட்டுப் போவார். படிச்சது கன்னியாஸ்திரிகள் நடத்துற ஸ்கூல்ல, அந்தக் காலத்துல அப்பா வீட்டுல இல்லாத பிள்ளைன்னா அங்க எப்படிப் பார்ப்பாங்கன்னு நான் சொல்லணுமா. ஸ்கூல் பரீட்சை பாஸ் ஆனதுக்கு என்ன வேணும்னு கேட்டப்போ கிடார் கேட்டு வாங்கினாங்க. ராத்திரி ரேடியோ லக்சம்பர்க்கோட இங்கிலீஷ் ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டு, தெரிஞ்ச மூணு நாலு கார்டை வச்சுக்கிட்டு பாட்டு கட்ட ஆரம்பிச்சாங்க. 1961 நவம்பர்ல வோக்ங்கிற ரெக்கார்டு கம்பெனி கான்ட்ராக்ட் போட்டுச்சு.

முதல் ரெக்கார்டு 1962-ல. நாலு பாட்டு இருக்குற சின்ன தட்டு. கம்பெனி முன்னாடி தள்ளினது வேற ஒரு பாட்டை, ஜனங்க பிடிச்சுக்கிட்டது இவங்க எழுதின பாட்டை. என் வயசுப் பசங்களும் பொண்ணுங்களும் ஜோடி ஜோடியா கையைக் கோத்துக்கிட்டுப் போறாங்க, நான் மட்டும் தனியா நடக்குறேன், என்னை நேசிக்க யாரும் இல்லைங்கிறதுதான் பாட்டோட சாரம். அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்த விதம்தான் இன்னும் சுவாரசியம். அக்டோபர் 28, ஞாயித்துக்கிழமை. நாட்டோட அதிபரை ஜனங்களே நேரடியா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாமா வேண்டாமான்னு அப்போ அதிபரா இருந்த தெ கோல் பொதுவாக்கெடுப்பு வச்சிருந்தார், அன்னைக்கு ராத்திரி ரிசல்ட். அப்போ பிரான்ஸ்ல டிவின்னா ஒரே ஒரு சேனல்தான், ரெண்டாவது சேனல் 1964-லதான் வந்துச்சு. டிவி இருக்குற வீட்டுல எல்லாம் தாத்தா பாட்டியிலிருந்து குழந்தைங்க வரைக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டி முன்னாடி உட்கார்ந்து எந்த மாவட்டத்துல எத்தனை சதவீதம்னு பார்த்துட்டு இருக்காங்க, நடுவுல ஒரு இடைவெளியில இந்த உயரமான பொண்ணு, நெத்தியை மறைக்கிற முடியோட, கையை காலை ஆட்டாம, சிரிக்காம, தனியா நடக்குறேன்னு பாடுது. அடுத்த நாள்லேர்ந்து கடையில அந்தத் தட்டு பறந்துச்சு. மொத்தத்துல 20 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

இந்த வெற்றியைப் பத்தி அவங்களே பின்னாடி ரொம்ப கடுப்பாத்தான் பேசுவாங்க. அந்த முதல் ரெக்கார்டிங் தரம் மட்டம், வாசிச்சவங்களும் மட்டம்னு வாய்விட்டுச் சொன்னவங்க. அதனாலதான் கொஞ்ச நாள்ல லண்டனுக்குப் போய் பை ஸ்டுடியோவுல சார்ல்ஸ் பிளாக்வெல் இசைக்கோர்ப்புல பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க, அந்தக் காலத்து மத்த பிரெஞ்சு ரெக்கார்டுகளோட வச்சுக் கேட்டா சத்தம் எவ்வளவு நிறைவா இருக்குன்னு காதுக்கே தெரியும். இத்தாலிய மொழி, ஜெர்மன், இங்கிலீஷ் எல்லாத்துலயும் பாடினாங்க. 1963-ல மொனாக்கோ சார்பா யூரோவிஷன் போட்டியில பாடி அஞ்சாவது இடம்.

பாப் டிலன் கதையை நீங்க பாதிக் கட்டுரைக்கு எழுதிட்டதால நான் சுருக்கமா முடிச்சுக்கிறேன். 1964-ல வந்த அவரோட ஒரு ஆல்பத்துப் பின்னட்டையில ஆர்டி பேரைப் போட்டு ஒரு கவிதை இருக்கு, 1966 மே 24 அன்னைக்கு பாரிஸ் ஒலாம்பியா அரங்கத்துக் கச்சேரியில பாதியில இடைவேளை விட்டுட்டு, அவங்க என்னை வந்து பார்த்தாத்தான் திரும்ப மேடை ஏறுவேன்னு அடம் பிடிச்சிருக்கார், இவங்களும் போய்ப் பார்த்தாங்க. நீங்க எழுதின மாதிரி காதல் எல்லாம் ஒண்ணும் கிடையாது. மனுஷன் ரொம்ப ஒல்லியா, உடம்பு சரியில்லாதவர் மாதிரி இருந்தார்னுதான் அவங்களுக்கு ஞாபகம். ஒரு பெண் கலைஞரோட 56 வருஷ வேலையை எழுதச் சொன்னா அவங்களை யார் யார் பார்த்து மயங்கினாங்கன்னு பட்டியல் போடுறது எல்லா ஊர்ப் பத்திரிகைக்கும் இருக்குற வியாதி, உங்களை மட்டும் சொல்லலை. டிசைனர் பாக்கோ ரபானோட தங்கத் தகடு டிரெஸ் போட்டோவும் அந்த ரகம்தான். 1968-ல தங்கத் தகடையும் வைரத்தையும் கோத்துப் பண்ணின உடுப்பு, கிலோக் கணக்குல எடை, அதைப் போட்டுக்கிட்டு நிம்மதியா உட்காரக்கூட முடியாது.

இப்போ மேடை விஷயம். ஆர்டிக்கு மேடைன்னா நடுக்கம். சும்மா பேச்சுக்குச் சொல்ற நடுக்கம் இல்லை, நிஜமான பயம். குரல் சின்னது, உடம்பை எப்படி வச்சுக்கணும்னு தெரியாது, வரிகள் மறந்துடுமோன்னு பதட்டம், ஊர் ஊரா அலைச்சல். 1968-ல லண்டன் சவாய் ஹோட்டல்ல பாடினதோட கச்சேரி வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. அப்போ 24 வயசு சார்! அதுக்கு முன்னாடி வருஷமே அஸ்பாரகஸ்னு சொந்தமா ஒரு தயாரிப்புக் கம்பெனி ஆரம்பிச்சிருந்தாங்க (அந்தக் காய் பேரைச் சொல்லித்தான் நெடுநெடுன்னு ஒல்லியா இருக்குறவங்களை பிரெஞ்சுல கிண்டல் பண்ணுவாங்க, அவங்களே அவங்களை ஓட்டிக்கிட்டாங்க போல). அதாவது ஒதுங்கலை, மேடையை மூடிட்டு ஸ்டுடியோவுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, 1962-லேர்ந்து 1968 வரைக்கும் மேடை ஆறு வருஷம். 1968-லேர்ந்து கடைசி ஆல்பம் வந்த 2018 வரைக்கும் மேடையே இல்லாம 50 வருஷம். அந்த 50 வருஷத்தைத்தான் உங்க கட்டுரை ரிட்டையர்மென்ட்னு சொல்லுது.

அப்படியே அந்தப் பக்கம் ஜானி ஆலிடேயைப் பாருங்க. அவரும் இதே 9-ஆம் வட்டாரத்துப் பையன், ஆர்டி வீட்டுலேர்ந்து நடக்குற தூரத்துல வளர்ந்தவர். அவருக்கு மேடைதான் மூச்சு, ஸ்டேடியம் ஸ்டேடியமாப் பாடினார், 2000-ல ஈஃபிள் டவர் அடியில லட்சக்கணக்கான ஜனங்க முன்னாடி பாடினார், 2017 டிசம்பர்ல அவர் போனப்போ ஷான்செலிசே தெருவே அடைச்சுப் போச்சு. அதுவும் ஒரு நீண்ட வாழ்க்கைதான், ரெண்டும் ரெண்டு வழி. கூட்டத்தோட நீளத்தை வச்சு அளந்தா ஆர்டி எங்கயும் வரமாட்டாங்க.

எங்க ஆபீஸ்ல ரிட்டையர் ஆகிப் போன ஒரு மேடம், வீடு மாத்துறப்போ பழைய எல்பி ஒண்ணை என் கையில திணிச்சுட்டுப் போனாங்க. லா கெஸ்தியோன், கேள்வின்னு அர்த்தம், 1971. அதுவரைக்கும் எனக்கும் ஆர்டின்னா அந்தத் தனியா நடக்குற பொண்ணுதான். ராத்திரி வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். டிரம்ஸ் சத்தம் அனேகமா கிடையாது. தூக்கான்னு ஒரு பிரேசில் பொண்ணு நைலான் கிடார் வாசிக்கிறாங்க, விரல் கம்பியில நகர்ற அந்தச் சின்னக் கீச்சு கேக்குது, அதுக்கு மேல ஆர்டி பாடுறாங்கன்னு சொல்றதை விட காதுகிட்ட வந்து பேசுறாங்கன்னு சொல்லலாம், ஒவ்வொரு வரி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் இழுக்குற மூச்சு கேக்குது, ஒரு இடத்துல வரியே இல்லாம வெறும் முனகல்லயே ட்யூன் போகுது. தந்தி வாத்தியங்கள் எங்கேயோ தூரத்துல மழை வர்ற மாதிரி வந்துட்டுப் போயிடும். இந்த ஆல்பம் வந்தப்போ விக்கலை. படுத்துடுச்சு. இன்னைக்கு கேட்டா விஷயம் தெரிஞ்சவங்க பலபேர் இதைத்தான் அவங்களோட உச்சம்னு சொல்வாங்க. நான் கேக்குறேன், இந்தக் குரலை எந்த மேடையில, எந்த மைக்குல கொண்டுபோய் வைப்பீங்க? ரெண்டாயிரம் பேர் கை தட்டுற ஹால்ல இந்த மூச்சு கேக்குமா? டூர் போகணும், ஹிட் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடணும்னு இருந்திருந்தா அவங்க இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு 1973-ல மிஷெல் பெர்ஜேன்னு ஒரு பாட்டெழுதி ட்யூன் போடுறவர் வந்தார், அப்போ அவருக்கு 26 வயசுகூட ஆகலை. அவர் எழுதின பாட்டுக்கு முன்னாடி ஒரு பேச்சு வருது பாருங்க, அதை எழுதினது ஆர்டி. டெலிபோன்ல அந்தப் பக்கம் ஒரு குரல், இந்தப் பக்கம் சொல்ல முடியாம தொண்டையில நிக்கிற வார்த்தை, அவ்வளவுதான் விஷயம். பாட்டு இன்னும் தொடங்கலை, அதுக்குள்ளேயே நமக்குத் தொண்டை அடைக்கும். அந்த வருஷம் ஜூன்லதான் மகன் தொமா பிறந்தான், அப்பா ஜாக் துத்ரோன், அவரும் பாடகர், நடிகர். இந்தத் துத்ரோனும் 9-ஆம் வட்டாரத்து ஆள்தான், ரெண்டு பேரும் சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 1962-ல ஆர்டி பாடின ஒரு பாட்டுக்கு ட்யூன் அவரோடது. 2012-ல வெஸ் ஆண்டர்சன் படத்துல ரெண்டு குட்டிப் பசங்க கடற்கரையில டான்ஸ் ஆடுற சீன்ல ஓடுதே, அதே பாட்டு. 50 வருஷம் கழிச்சு அமெரிக்கப் பசங்க அதைத் தேடித் தேடிக் கேட்டாங்க. ஆர்டியும் துத்ரோனும் 1981-ல கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்புறம் தனித்தனி வீடு, ஆனா விவாகரத்து மட்டும் பண்ணிக்கவே இல்லை. அவங்க பாட்டுல பாதிக்கு மேல காத்திருக்குறதைப் பத்தித்தான் இருக்கும், யாருக்காகன்னு கேட்டா பிரான்ஸ்ல குழந்தைகூடச் சொல்லும்.

எல்லாமே தங்கம்னு சொல்லமாட்டேன். எழுபதுகளோட கடைசியிலயும் எண்பதுகள் தொடக்கத்துலயும் காப்ரியேல் யாரேவோட பண்ணின ஆல்பங்கள்ல (பின்னாடி சினிமா இசைக்கு ஆஸ்கார் வாங்கினாரே அந்த யாரேதான்) எனக்குப் பாதி ஏறவே ஏறலை, சின்தசைசரும் தாளமும் குரலை அமுக்குது, காசு குடுத்து வாங்கின ரெண்டு தட்டை எடுத்துக் கேட்டே வருஷக்கணக்காச்சு. அந்தச் சமயம் ஜோசியத்துல வேற தீவிரமா இறங்கிட்டாங்க, ரேடியோவுல ஜாதகம் சொன்னாங்க, புத்தகம் எழுதினாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை, ஆனா அரைகுறையாப் பண்ணலை, முறையாப் படிச்சுட்டுத்தான் பண்ணினாங்க. 1988-ல ஒரு ஆல்பம் போட்டு இதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க. உங்க நிருபர் இந்த இடத்துலயாவது முற்றும் போட்டிருந்தா ஒரு நியாயம் இருந்திருக்கும்.

சொன்ன சொல்லை அவங்களே காப்பாத்தலை, நமக்கு நல்லது. 1995-ல இங்கிலாந்துலேர்ந்து ப்ளர் பேண்ட் பசங்க வந்து தங்களோட ஒரு பாட்டுக்குப் பிரெஞ்சு வடிவத்தை ஆர்டியோட சேர்ந்து பாடினாங்க, அந்தப் பசங்க பிறக்குறதுக்கு முன்னாடியே ஆர்டி ஸ்டார். அடுத்த வருஷம் லெ தான்ஜே, ஆபத்துன்னு பேரு, 52 வயசுல கரகரன்னு எலக்ட்ரிக் கிடார் வச்சு ஒரு ராக் ஆல்பம். வித்துச்சோ இல்லையோ, கிறுகிறுன்னு இருக்கும், கேட்டுப் பாருங்க.

2004-ல நிணநீர்ப் புற்றுநோய்னு தெரிஞ்சுது. அந்த வருஷம் வந்த ஆல்பத்தோட தலைப்புப் பாட்டு, நான் போனதுக்கப்புறமும் உலகத்துல எத்தனை எத்தனை நல்ல விஷயம் இருக்குப் பாருன்னு மகனுக்குச் சொல்ற மாதிரி அவங்க எழுதினது. அந்த ஆல்பத்துக்கப்புறம் 2005-ல பிரெஞ்சு இசைக்குக் குடுக்குற விக்துவார் விருது, வருஷத்தோட சிறந்த பாடகி, 61 வயசுல! 2006-ல பிரெஞ்சு அகாதமி பதக்கம். 2008-ல சுயசரிதை போட்டாங்க, அதுவும் சக்கைப்போடு போட்டுச்சு. 2015-ல கோமாவுக்குப் போய் இனி அவ்வளவுதான்னு எல்லாரும் நினைச்சப்போ எழுந்து வந்து, 2018 ஏப்ரல்ல 74 வயசுல இன்னொரு ஆல்பம். அதுல கடலுக்குள்ள தூரமாப் போறதைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, சினிமா டைரக்டர் பிரான்சுவா ஓசோன் அதுக்கு வீடியோ எடுத்தார். குரல் இறங்கியிருக்கும், ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருக்கும், ஆனா 1971-ல கேட்ட அதே மூச்சு. பாடி ஜெயிக்கணும்னு கத்திப் பழகாத குரல்ங்கிறதாலதான் அது அவ்வளவு நாள் தாங்குச்சுன்னு எனக்குத் தோணும், டாக்டர்கள் என்ன சொல்வாங்களோ தெரியாது.

அதுக்கப்புறம் தொண்டையில புற்றுநோய், கதிர்வீச்சு சிகிச்சை வரிசையா, எச்சில் சுரக்கலை, விழுங்க முடியலை, பாட்டும் போச்சு. 2023 டிசம்பர்ல அதிபர் மாக்ரோனுக்குப் பகிரங்கமாக் கடிதம் எழுதினாங்க, தீராத வலியில இருக்குறவங்க தங்களோட முடிவைத் தாங்களே தேர்ந்தெடுக்கச் சட்டத்துல வழி பண்ணுங்கன்னு. அது சரியா தப்பான்னு இங்க பிரான்ஸ்ல இன்னும் சண்டை நடக்குது, நான் அதுக்குள்ள போகலை. 2024 ஜூன் 11 ராத்திரி தொமா இன்ஸ்டாகிராம்ல போட்டது பிரெஞ்சுல மூணே வார்த்தை, அம்மா போயிட்டாங்கன்னு. அதோட அவங்க ரெண்டு பேரும் இருக்குற பழைய போட்டோ ஒண்ணு. மறுநாள் காலையில மெட்ரோவுல பக்கத்து சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு, இருபது வயசு இருக்கும், அவ ஹெட்போன்லேர்ந்து வெளிய கசிஞ்சது 1962 பாட்டு இல்லை சார், அந்த டெலிபோன் பாட்டு.

இதையெல்லாம் விட்டுட்டு நீங்க போட்டிருக்குற போட்டோ 1963-ல எடுத்தது. அழகான போட்டோதான், மறுக்கலை. ஆனா அவங்க முடியைக் குட்டையா வெட்டிக்கிட்டு, வெள்ளையா விட்டுட்டு, மை பூசாம, கேமராவை நேராப் பார்த்துட்டு இருக்குற பிற்காலத்துப் போட்டோ எத்தனையோ கிடைக்கும். அடுத்த தடவை எழுதும்போது அதுல ஒண்ணு போடுங்க, 1968-க்கு அப்புறம் ஒரு பத்தியாவது சேர்த்துக்குங்க. பேர்ல அந்த 'ஹா'வை எடுத்துட்டு 'ஆ' போடுங்க.

இப்படிக்கு,
பாரிஸ்லேர்ந்து உங்க ரொம்ப நாள் வாசகன்